பெஞ்சுக்கு ஓர் ஆள்

கோடைப் போட்டிகளுக்கு முந்தைய வாரங்களில் வில்லாபுரத்துக் கூடைப்பந்து மைதானத்தில் ஆட்டத்தைவிடப் பேச்சே அதிகம் நடக்கும். எங்கள் பகுதி அணியின் முதல் ஐந்து பேரும் முப்பதைக் கடந்தவர்கள். அவர்களில் மூத்தவர் என் அண்ணன். பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துபவர். கல்லூரி முடிந்து வரும் நான் படிக்கட்டில் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பேன். சென்ற ஆண்டு என்னால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

அண்ணனின் வலது முழங்காலில் ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. சிறிது நேரம் ஆடலாம், முழு ஆட்டமும் ஆடினால் மீதியும் போய்விடும் என்று மருத்துவர் சொன்னபோது நாங்கள் இருவர்தான் உடனிருந்தோம். அண்ணனுக்கு மின்கம்பம் ஏறுகிற வேலை. வெளியே வந்ததும், "அம்மாட்ட மூச்சு விடாத. கிரவுண்டுலயும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார். நான் தலையசைத்தேன்.

படிக்கட்டில் எனக்குப் பின்னால் தினமும் இருவர் வாதாடுவார்கள். ஒருவர் பழங்காநத்தத்தில் டயர் கடை வைத்திருப்பவர். மற்றவர் பள்ளிக் கணக்காசிரியர்.

"பெஞ்சுல நம்பி இறக்க யாரு இருக்கா மாப்ள? அஞ்சு பேரு இறங்கிட்டா அம்புட்டுத்தேன். திரும்பிப் பாத்தா தண்ணி பாட்டிலும் துண்டுந்தேன் கெடக்கும்" என்பார் கடைக்காரர்.

"ஏண்ணே, அந்தக் குட்டையன் இருக்கான்ல?" ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும், அணிக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞனைத்தான் ஆசிரியர் சொல்வார்.

"அவனா? பந்து கைக்கு வந்தாலே பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்ல முழிக்கிறான்."

"அதுக்காக முப்பத்தஞ்சு வயசு ஆள போட்டி நடக்குற அத்தன நாளும் ஓட விடுவீகளா?"

"முப்பத்தஞ்சு ஒரு வயசா? எங்கப்பா அறுவதுல ரெண்டாவது கடை தொறந்தாரு."

"உங்கப்பா கடையில உக்காந்துல்ல இருந்தாரு!"

அண்ணன் பந்தோடு மெதுவாக வருவதைப் பார்த்தால் கடைக்காரர் உருகிவிடுவார். "பாத்தியா, ஆட்டத்த எப்பிடி ஆறப்போடுறாரு! அம்புட்டும் மூளை." இதில் மட்டும் ஆசிரியரும் மறுப்புச் சொல்லமாட்டார். அண்ணன் இப்போது இடது காலை ஊன்றியே திரும்புகிறார் என்பதை, ஆண்டுக்கணக்காக அவர் ஆட்டத்தைப் பார்த்து வருபவர்கள் புதுத் தந்திரமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் புகழப் புகழ நான் புத்தகத்துக்குள் குனிந்துகொள்வேன்.

அணி முடிவாவதற்கு முந்தைய ஞாயிறு மாலை முதல் ஐவருக்கும் பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்டக்காரர்களுக்கும் ஓர் ஆட்டம் நடப்பது எங்கள் வழக்கம். பார்க்க வருபவர்கள் யாரை நம்புகிறார்களோ அவர்கள் பக்கம் போய் நிற்க வேண்டும். ஐவர் என்றால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். பெஞ்ச் என்றால் கம்பிவேலிப் பக்கம். கூட்டத்தைப் பார்த்துத் தாம் எதையும் முடிவு செய்வதில்லை என்பார் பயிற்சியாளர். ஆனாலும் விசில் ஊதும் முன் இரு பக்கமும் ஒரு பார்வை பார்ப்பார். நான் எப்போதும் படியிலேயே இருந்துவிடுவேன்.

அன்று வேலிப் பக்கம் ஆசிரியரும் இன்னும் சிலரும் மட்டுமே நின்றார்கள். நான் எழுந்ததைக் கண்டு தொட்டிப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்கள். மைதானத்தின் விளிம்பை ஒட்டி நடந்து, வேலியருகே போய் நின்றேன்.

"ஏத்தா, கூடப் பொறந்தவனுக்கு எதிராவா நிக்கிற?" என்று கடைக்காரர் கத்தினார்.

"வீட்டுல சோத்துச் சண்டைண்ணே!" என்றது இன்னொரு குரல். சிரித்தார்கள்.

ஆசிரியர் குரலைத் தாழ்த்தி, "என்னம்மா, விஷயம் எதுவும் இருக்கா?" என்றார்.

"பெஞ்ச் நல்லாருக்குன்னு தோணுச்சு சார்."

அதற்கு மேல் ஒரு சொல் பேசியிருந்தாலும் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு உடைந்திருக்கும். அவர் நடுக்கோட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் ஒலித்தது.

இடைவேளை வரை ஐவரே முன்னிலையில் இருந்தார்கள். அதன்பின் அந்தக் குட்டை இளைஞன் அண்ணனின் வலப்பக்கமாகவே பந்தைக் கொண்டுவரத் தொடங்கினான். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். மறுபடியும் அதே பக்கமாக அவன் கடந்துபோனபோது புரிந்தது. படிக்கட்டில் இருந்தவர்கள் காணாததை எதிரே நின்று ஆடியவன் கண்டுவிட்டான். தொட்டிப் பக்கத்து ஆரவாரம் தேய்ந்தது. அவன் மீண்டும் வந்தான். அண்ணன் குறுக்கே பாயத் தயாராவது அவர் தோளிலேயே தெரிந்தது. வலது காலை ஊன்றாமல் அப்படிப் பாய முடியாது. வேலிக் கம்பியை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பாயவில்லை. பந்து வளையத்துக்குள் போகும்வரை நின்று பார்த்தார். பிறகு கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்.

"பெஞ்சுல ஆளில்ல, ஆளில்லன்னு பொலம்புனீகள்ல அண்ணே?" என்று கடைக்காரரைப் பார்த்துக் கேட்டார். "இந்தா, நான் உக்காருறேன். மொதல் அஞ்சுல இவன் இறங்கட்டும்."

"தம்பி, என்ன கூத்து இது!"

"கூத்தில்லண்ணே. கடைசிப் பத்து நிமிசத்துக்கு நான் வாரேன். அதுக்கு முன்னால கூப்புடாதீக."

பயிற்சியாளர் காரணம் கேட்கவில்லை. இளைஞனை ஐவர் பக்கம் மாறச் சொன்னார். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, இரு கைகளாலும் பிடித்து வலது காலை நீட்டினார். அதைக் கடைக்காரர் பார்த்தார்.

கூட்டம் கலைந்தபின் அண்ணனிடம் போனேன்.

"நான் யாருட்டயும் சொல்லல" என்றேன்.

"நடந்து போயி அங்க நின்னியே, அது போதாதா?"

அவர் கோபம் தணியவில்லை. நிமிர்ந்து பார்க்காமலே வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். வீடு வரும்வரை பின்னால் உட்கார்ந்திருந்தவர் என்னோடு பேசவில்லை. ஒரு வேகத்தடைக்கு முன்னால் மட்டும், "மெதுவா" என்றார்.