வெள்ளத்துக்குப் பயந்து ஓடினேன்

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, போடியிலிருந்து மெட்டு என்கிற மலைக்கணவாய்க்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்குக் குடிபோனேன். கணவர் அங்கே கணக்குப்பிள்ளை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதுவரை பேச ஆளில்லை. பக்கத்து வீட்டு மலையாளப் பெண்ணிடம் பேசப் பாஷை தெரியாது.

பொழுதுபோக்காகத் தக்காளி நாற்று நட்டேன். சில நாளில் எல்லாம் தலை தொங்கின. மண் ஈரமாக இருந்தும், வாடுகிறதே என்று குடம் குடமாக ஊற்றினேன். இலைகள் மஞ்சளாகின.

ஒருநாள் ஊற்றும்போது அந்தப் பெண், "வெள்ளம், வெள்ளம்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஓடை உடைத்துக்கொண்டது என்று நினைத்து, குடத்தைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினேன். துரத்தி வந்து கையைப் பிடித்தாள்.

"எந்தினா ஓடுன்னே? செடிக்கு வெள்ளம் மதி" என்று குடத்தைக் காட்டினாள்.

"தண்ணியவா சொல்றீக?"

"ஆ, தண்ணி. தண்ணி போதும்."

மூச்சு வாங்க இருவரும் சிரித்தோம். அந்த மலைக்கு வந்தபின் அன்றுதான் நான் சிரித்தேன். அவளும் பகலெல்லாம் தனியாகக் கிடந்தவள்தான்.

செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருந்தது. நல்ல தண்டுகளை நறுக்கி, மேட்டுப் பாத்தியில் ஆழமாக ஊன்றி, ஏல இலைகளால் நிழல் கொடுத்தோம். பாதிக்கு மேல் துளிர்த்தன.

இப்போதெல்லாம் மண்ணை விரலால் கிளறிப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். பக்கத்தில் யார் குடிவந்தாலும், பாஷை தெரியாவிட்டாலும், நானே முதலில் போய்ப் பேசிவிடுகிறேன்.