அமத்தக் கூடாத பெட்டி

சிம்மக்கல்ல என் ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடியில குடியிருந்தாரு கோகுல்நாத்து. சௌராஷ்ட்ராக்காரவுக. மெடிக்கல் கடைகளுக்குப் பில்லு போடுற புரோகிராம் எழுதுறதுதான் தொழிலு. வாடிப்பட்டி வரைக்கும் அறுபது கடை அதுல ஓடுச்சு.

முன்னாடி ஒரு கூட்டாளி அவரு எழுதுன அம்புட்டையும் காப்பி அடிச்சுக்கிட்டு ஓடிட்டான். அதுலருந்து எதையும் வெளிய வைக்கமாட்டாரு. வீட்டுலயே ஒரு கம்ப்யூட்டர், அதுக்குப் பாஸ்வேர்டுப் பூட்டு, அது அவருக்கு மட்டுந்தான் தெரியும். ஒருக்கா தொறந்தா சுச்ச அமத்துற வரைக்கும் தொறந்தே கெடக்கும். கரண்டு போனாலும் நிக்காம இருக்க ரெண்டு லாரி பேட்டரி.

எட்டாப்பு பெயிலான எனக்கு அவரு வெளக்குனது இதுதான்: "கடையில ஓடுறது சுட்ட தோசைண்ணே. மாவு இந்தப் பெட்டியில மட்டுந்தான் இருக்கு."

தெனம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டியே நெட்டுல போயி, இவரு புரோகிராமுக்கு வேண்டிய அடுத்தவுக எழுதி வச்ச சாமானுல புதுசு வந்திருந்தா எடுத்துக்கும். மாவுல கலந்து தோசை சுட்டு, சரியா வந்துச்சா இல்லையான்னு பிரிண்டருல ஒரு வரி அடிக்கும்.

"எனக்கு வேலையே இல்லண்ணே" ம்பாரு.

"பெறகு வீட்டுல எதுக்கு உங்களுக்குச் சோறு போடுறாக?" ன்னு கேப்பேன்.

2008 ஆவணியில வாடிப்பட்டி ரோட்டுல லாரி அடிச்சுச் செத்துப்போனாரு. எரிச்சுட்டு வந்து உக்காந்திருக்கோம், மணி ஆறு, உள்ள பிரிண்டர் கிர்ருங்குது. பொம்பளைக வெளிய ஓடியாந்துட்டாக. அவரு பொஞ்சாதி ஹம்சவேணி மட்டும் உள்ள போயித் தாளக் கிழிச்சுப் பாத்துச்சு. சரியா வந்திருச்சுன்னு இருந்துச்சு. அதுலருந்து தெனமும் கிழிச்சுச் சாமி படத்துக்கிட்ட வைக்கும்.

அவரு சேக்காளி முபீனுக்குத் துபாயில கம்ப்யூட்டர் வேலை. போனுல சொன்னான்: "பெட்டிய அமத்திராதீக அண்ணி. விஜயதசமிக்கு வாரேன், மொத்தத்தையும் எடுத்துருவோம். புரோகிராம நான் பாத்துக்கிறேன், கடைகள நீங்க பாத்துக்கங்க." ரெண்டு பிள்ளைய வச்சிருக்கிற ஹம்சவேணிக்கு இனி அதுதான் பொழப்பு.

விஜயதசமிக்கு மொத நாள் சரஸ்வதி பூசை. என் மெசின அமத்திச் சந்தனம் வச்சுட்டு, மேல பொரி கொண்டுபோனேன். ஹம்சவேணி பெட்டிக்கும் பொட்டு வச்சிருந்துச்சு, ஆனா பெட்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"என்ன தங்கச்சி, இன்னைக்கும் வேலை வாங்குற? பூசையில வச்சத ஓட்டலாமா?"

"அமத்தக் கூடாதும்பாருண்ணே. முபீனும் அதத்தான் சொன்னான்."

"அது மத்த நாளைக்கி. என் மெசின் காலையில சுச்சப் போட்டா எந்திரிக்கும், இது எந்திரிக்காதா?"

தங்கச்சி யோசிச்சுக்கிட்டு நிக்கிறப்பவே, நாந்தேன் சுச்ச அமத்துனேன்.

மறுநாள் முபீன் வந்து பெட்டியப் போட்டான். கருப்புத் திரையில பாஸ்வேர்டு கேட்டுச்சு. பிள்ளைக பேரு, வீட்டு நம்பரு, அழகர் பேரு, என்னென்னமோ அடிச்சான். தொறக்கல.

"யாரு அண்ணி அமத்துனது?"

ஹம்சவேணி என்னைய ஒருக்கா பாத்துச்சு. "பேட்டரி போயிருச்சு தம்பி."

ஆறு மணி ஆச்சு. மூணு பேரும் பிரிண்டரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

மாவு இல்லாம புதுசா ஒண்ணும் சுட முடியல; கடைக்காரவுக ஒவ்வொருத்தரா வேற புரோகிராமுக்கு மாறிட்டாக. ஹம்சவேணி இப்ப ஒரு முறுக்குக் கம்பெனியில பாக்கெட்டு ஒட்டப் போகுது. தெருவுல எவன் வீட்டுக் கதையும் என் வாயில தங்காது. இது ஒண்ணத்தான் இம்புட்டு வருசம் வச்சிருந்தேன்.