வெடிப்பை அளக்கிறவள்

வெடிப்பின் இரு கரையிலும் அடித்த முளைக்குச்சிகளுக்கு நடுவே ஈர்க்கைப் பிடித்து, எதிர்க்குச்சியின் ஆணி தொடும் இடத்தில் நகத்தால் கிள்ளி ஒடிக்கிறாள் மெரினா. ஒடித்த துண்டை உள்ளங்கையில் கிடத்தி, நேற்றைய துண்டைப் பக்கத்தில் வைக்கிறாள். இன்னும் சரியாக விடியவில்லை. கண்ணை நம்பாமல் இரண்டின் நுனியையும் பெருவிரலால் தடவுகிறாள். ஒன்றாக நின்றால்தான் மூச்சு வெளியே வருகிறது. பிறகு பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் இறங்கிவிடுகிறாள்.

கேகாலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தோட்டம் அது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், சரிவை வெட்டிக் கட்டிய லயம்; ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். லயத்தின் முதுகுப் பக்கம் ஐம்பது எட்டு வைத்து ஏறினால் நிலத்தில் ஒரு வெடிப்பு கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அதற்குள் விரல் நுழையாது. இப்போது சின்னப் பிள்ளையின் கால் முழுதாக இறங்கும். முதல் காம்பராச் சுவரில் அதிகாரிகள் ‘அபாய வலயம்’ என்ற அறிவித்தலை அடித்துவிட்டுப் போனார்கள். மாற்றுக் காணி அளந்ததாகவும் சொன்னார்கள். அளந்த கயிறு போன வழியில் புல் வளர்ந்து மூடிவிட்டது.

மண்சரிவு அனர்த்தப் பயிற்சி நடத்த வந்த நுஸ்ஹா மிஸ்தான் மெரினாவுக்கு இந்த வேலையைக் கொடுத்தார். சம்பளம் இல்லாத வேலை. கூடவே ஓர் அடிமட்டமும் கொடுத்தார். அடிமட்டத்தால் அளந்து இலக்கத்தைக் கைபேசியில் மிஸ்ஸுக்கு அனுப்புகிறாள். ஈர்க்கு லயத்து ஆட்களுக்காக. “நம்பரச் சொன்னா காத்துல போயிரும். ஈர்க்கக் கையில குடுத்தா கை நம்பும்ல?” என்கிறாள். தேதி வாரியாக நூல் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் பால்மா டின் ஒன்றில் நிற்கின்றன. கையில் வாங்கிப் பார்க்கத்தான் ஆள் குறைவு.

பயிற்சியில் சுற்றாடல் கலைச்சொற்கள் என்றொரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். மற்றவர்களுடைய பிரதிகள் அடுப்புப் பற்றவைக்கப் போயின. மெரினா ஒவ்வொரு சொல்லையும் வாசித்து, தன் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அந்தப் பொருள் இருந்தால் பென்சிலால் சரி போட்டாள். மண்ணரிப்புக்குச் சரி. நீரேந்து பிரதேசத்துக்குச் சரி. காபன் சுவட்டுக்குப் போடவில்லை; “அது நம்ம கணக்குல இல்லீங்க மிஸ்” என்றாளாம். நிலைபேறான அபிவிருத்தி என்பதற்கு மிஸ் நீண்ட விளக்கம் கொடுத்தார். மெரினா கேட்டுவிட்டு, “பட்டைய மெல்லிசா சீவுற மாதிரி. தடிப்பா சீவுனா இன்னைக்குப் பால் கூட வரும், மரம் செத்துப்போகும்” என்றாள். விளக்கம் தவறில்லை. முழுக்கச் சரியென்றும் சொல்ல முடியாது. மிச்சம் வைக்கப்பட்ட பட்டை, அதை மிச்சம் வைத்த கைக்கு ஒருபோதும் சொந்தமாக இருந்ததில்லை.

மீண்டெழும் தன்மை என்ற சொல்லுக்கு எதிரே சரியும் இல்லை, பிழையும் இல்லை. ஒரு கோடு மட்டும் கிடக்கிறது. “விழுந்தவங்க எந்திரிக்கிறதுக்கு வார்த்த போட்டிருக்காங்க. விழாம இருக்கிறதுக்கு ஒண்ணும் போடலீங்களா?” என்று அவள் கேட்டபோது மிஸ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பயத்துக்குப் பெயர் கிடைத்தால் பயம் குறையும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். மெரினாவுக்கு அப்படி நடக்கவில்லை. முன்பெல்லாம் மழைக்கு மட்டும் பயந்தாள். நிலக்கீழ் நீர் என்ற சொல்லைக் கற்ற பின், வெயில் அடிக்கும் நாளிலும் உள்ளே இறங்கிய தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று பயப்படுகிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். சுவருக்குள் காது வைத்தவள் போல ஒரு பக்கம் சாய்ந்திருப்பாள். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. மகள் கேகாலையில் அறை எடுத்துப் படிக்கிறாள். அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். “நான் போயிட்டா யாரு அளக்குறது?” என்று மெரினா பேச்சை முடித்துவிடுவாள்.

ஒருமுறை அவள் பிழைவிட்டாள். போன ஐப்பசியில் ஈர்க்கு அரை விரல் நீள, லயத்தையே கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு நாள் சிமெந்துத் தரையில் படுத்தார்கள். வேலைக்குப் போகாததால் பேரும் விழவில்லை, இரண்டு நாள் சம்பளம் போனது. மலை அசையவில்லை. திரும்பி வந்தபோது பக்கத்துக் காம்பரா ஸ்டீபனின் ஏழு கோழிகளையும் காணோம். அன்றிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பால் நிறுக்கும் கொட்டகையில் எல்லோர் முன்னிலும், “என்னா மருத்துவச்சி, மலைக்கு எத்தன மாசம்?” என்பார். சிரிப்பவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்துவைப்பாள்.

ஆனால் அந்தக் கேலிக்கு அடியில் அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. ஒரே ஒரு தடவை, நெடுநாள் பழகிய மருதாயி அக்காவிடம் மட்டும் அதைச் சொன்னாள்: “மலை விழுந்து தொலைஞ்சா எம் பேச்சு உண்மைன்னாச்சும் ஆகுமேன்னு நெனச்சிட்டேங்க்கா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.”

இந்த வைகாசியில் மூன்று நாள் விடாத மழை. பால்வெட்டு இல்லை, ஆட்கள் எல்லோரும் காம்பராவுக்குள் இருந்தார்கள். காலையில் ஒடித்த ஈர்க்கு, மதியம் இரண்டு மணிக்கு எதிர்க்குச்சியை எட்டாமல் இரண்டு விரல் குறைவாக நின்றது. மேலிருந்து ஊற்று நீர் கொண்டுவரும் பீலியில் விழுந்த தண்ணீர் சாயம் போலச் சிவந்து வந்தது. சற்று நேரத்தில் விழுவதே நின்றுபோனது. கொட்டுகிற மழையில் பீலி வற்றினால் மேலே மண் நகர்ந்து தண்ணீர் வழிமாறிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். கைபேசிக்குச் சிங்களத்தில் ஓர் எச்சரிக்கையும் வந்திருந்தது. அதை ஒவ்வொரு கதவிலும் நின்று தமிழில் சொன்னாள். குரல் நடுங்கியதால் சொன்னதையே திரும்பச் சொன்னாள்.

மழை விடட்டும் என்றார்கள். சோறு வெந்துகொண்டிருக்கிறது என்றார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், நனையக் கூடாது என்றார்கள். மருதாயி போன தடவை பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை என்று பாயைக் காட்டினாள். இந்த முறை திருடக் கோழியும் இல்லையே என்று யாரோ உள்ளிருந்து சொல்ல, லயம் சிரித்தது. ஸ்டீபன் மட்டும் சிரிக்கவில்லை. “போன தடவயும் இப்பிடித்தான் அழுத. ஒம் பேச்சக் கேட்டு நாங்க எத்தன தடவ ஓடுறது? போய்ப் படு புள்ள” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் பதில் பேசியிருக்க முடியும். அலுத்துப்போய்ச் சொன்னார்.

கடைசிக் காம்பராவைத் தாண்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம் ஒன்று இருக்கிறது, முழங்கை உயரம். வருடத்தில் ஒரு நாள், திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும். வெளியே வந்த மாதாவைத் தனியாகப் போகவிடுவது அந்த லயத்தில் வழக்கமில்லை. வேதக்காரரோ இந்துக்களோ, காம்பராவுக்கு ஒருவராவது பின்னால் நடப்பார்கள். முன்னால் போகிறவர் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் மருதாயிக்குக்கூட அந்த மறுபாதி மனப்பாடம்.

அன்று திருவிழா இல்லை. பாதரைக் கேட்கவும் இல்லை. செய்யப்போவது பாவமா என்று மெரினா பெட்டிக்கு முன்னால் நின்று யோசித்தாள். பிறகு கொக்கியைக் கழற்றி, சுரூபத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து எடுத்து, லயத்து வாசல் வழியே பள்ளிக்கூடப் பாதைக்கு நடந்தாள்.

“பிஸ்ஸா ஒனக்கு, பைத்தியம் புடிச்சிருச்சா? மாதாவ உள்ள வை” என்று ஸ்டீபன் வாசலுக்கு வந்தார்.

“மாதா ஒண்ணும் சொல்லலீங்கண்ணே. நாந்தான் பயந்துபோய்த் தூக்கிட்டுப் போறேன். தொணைக்கு வாறவங்க வாங்க.”

அவள் நிற்கவில்லை. எங்கோ ஒரு கதவு திறந்தது போலிருந்தது, காற்றாகவும் இருக்கலாம். லயத்தின் கடைசித் தூணைக் கடந்ததும், மழைக்கு மேலே கேட்கும்படி குரலை உயர்த்தி அருள் நிறைந்த மரியேயின் முதல் பாதியைச் சொன்னாள். சொல்லி முடித்து நின்றாள். திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. மழைக்குப் போட்டிருந்த பொலித்தீன் காதை மூடியிருந்தது; விலக்க முடியாமல் இரண்டு கையிலும் சுரூபம் இருந்தது. பின்னாலிருந்து மறுபாதி வருகிறதா என்று கேட்க, தலையை மட்டும் பலமாக உதறினாள். பொலித்தீன் வழுக்கிப் பின்னால் விழ, இரண்டு காதுகளும் மழையில் திறந்தன.