இரட்டை வேக ஜெபமாலை

சேதராப்பட்டு கம்பெனியில் எனக்கு எப்போதும் முதல் ஷிஃப்ட்தான். சோறு வடிக்கிற நேரத்திலேயே ஜெபமாலையையும் முடித்தாக வேண்டும். போனில் பதிவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கூடவே முணுமுணுப்பேன். சொல்லாமல் விடுவதற்கு இது மேல். "மாதாவுக்கே மூச்சு வாங்கப்போவுதுடி" என்பார் வீட்டுக்காரர். வாயை மூடிக்கொண்டு காய் நறுக்கச் சொல்வேன்.

போன மாதம் அவருக்கு இருதய ஆபரேஷன். அரியூர் ஆஸ்பத்திரியில் தியேட்டர் வாசலில் என்னை உட்காரவைத்து, "நேரமாவும்மா" என்றாள் நர்ஸ். நேரம்தான் இருக்கிறதே என்று, முதல்முறையாகப் பதிவைச் சாதாரண வேகத்தில் வைத்தேன். ஒவ்வொரு வரியும் நின்று நிதானமாக வந்தது.

இந்த நிதானத்தில் ஜெபமாலையை நான் சாவு வீட்டில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

அவசரமாக மறுபடியும் இரட்டை வேகத்துக்கு மாற்றினேன்.