கற்களுக்குள் கேட்ட என் குரல்

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெருவில் முதல் தமிழ்க் கடை போட்டவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆங்கிலத்தில் நாலு சொல் தெரியாமல் இந்த நாட்டில் வந்து இறங்கியவன், இரவில் பெட்ரோல் ஸ்டேஷனிலும் பகலில் இறைச்சி வெட்டும் இடத்திலும் நின்று, பிறகு சொந்தக் கடை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கடை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு என்று எழும்பியவன். பங்குக் கோவிலின் பின்வளவில் மாதா சொரூபம் வைக்கக் குகை மாதிரி ஒரு கெபி கட்டவேண்டும் என்று பேச்சு வந்தபோது கவுன்சில் ஏலாது என்றது, படித்தவர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள், நான்தான் விடாமல் போய் நின்று அனுமதி எடுத்தேன். சீமெந்து குழைத்ததும் இந்தக் கைதான். கெபியின் கீழே பளிங்கில் சூசைப்பிள்ளை என்று என் பெயர் இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கண்டதற்கும் வெருளுகிற ஆள் நான் இல்லை என்பதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பேய் பிசாசு என்று யாராவது கடையில் நின்று கதைத்தால், சாமானை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவேன். செத்த மாடுகள் தொங்குகிற குளிர் அறைக்குள் இரவிரவாகத் தனியே நின்றிருக்கிறேன், ஒன்றும் வந்து என் தோளைத் தட்டியதில்லை. நான் இப்போது சொல்லப்போவதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். நீங்கள் சிரித்தாலும் குறை நினைக்க மாட்டேன், முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் பங்கில் நடைக் குழு ஒன்று இருக்கிறது. கோடை வந்தால் வான் வண்டி பிடித்து எங்காவது போய், காடு மேடு நடந்து, பின்னேரம் திரும்பி வருவோம். போன கோடையில் ஒரு இரவு தங்கி வருவோம் என்று முடிவாகியது. கெண்ட் பக்கத்தில், சுண்ணாம்பு மலையடிவாரத்தில், பழைய காலத்துக் கற்கள் சில நிற்கின்றன. இந்த நாட்டில் எழுத்து என்று ஒன்று வருவதற்கு முந்தியே செத்தவர்களைப் புதைக்க நட்டவையாம். ஆனை போலக் கற்கள், ஒன்றோடொன்று சாய்ந்து நடுவில் ஒரு குகை மாதிரி. பக்கத்து வயல்காரன் கூடாரம் போட இடம் தந்தான். வயலுக்கும் கற்களுக்கும் நடுவில் வேலி, அதில் கதவாக ஒரு மரப் படலை, கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

ஒழுங்கு செய்தவள் மெலனி. என் மனைவியின் தம்பி யூஜினின் மகள், மருந்துக்கடையில் வேலை. யூஜினும் வால்தம்ஸ்டோவிலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மச்சான் முறை என்றபடியால் அவனுக்கு என்னை நக்கலடிப்பதுதான் பொழுதுபோக்கு. நான் எதைச் செய்தேன் என்று சொன்னாலும் அதற்கு ஒரு வால் கட்டிவிடுவான். அவனுக்குச் சீனி வருத்தம், ஊசி போடுகிறவன், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுகர் இறங்கி மயங்கிவிடுவான்.

மலையில் மெலனியின் போன் காட்டிய பாதை முள்ளுக்குள் போய் முடிந்தது. நான்தான் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து எல்லாரையும் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தேன். கூழ் காய்ச்சியதும் நானே. ஒடியல் மா, நண்டு, றால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் என் கடையிலிருந்து கட்டிக்கொண்டு போயிருந்தேன். அடுப்புக்குக் கல் வேண்டும் என்று படலைக்கு அங்கால் கிடந்த மூன்று கல்லைத் தூக்கி வந்தேன்.

"மாமா, அது ஏன்ஷன்ட் கல். எடுக்கக் கூடாது," என்றாள் மெலனி.

"கல்லெண்டால் கல்தான் பிள்ளை. விடிய வைச்சுவிடுறன்."

கூழ் குடித்து முடிந்து, இருட்ட முந்தி எல்லாரும் கற்களைப் பார்க்கப் போனோம். நான் பெரிய கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வயிறு நிரம்பினால் எனக்குப் பேச்சு வரும், அது என் குறை.

"இதைக் கட்டினவனும் பள்ளிக்கூடம் போகேல்லை, நானும் போகேல்லை," என்றேன். "எனக்கும் அவனுக்கும் என்னடா வித்தியாசம்?"

யூஜின் கீழே நின்று பல்லுக் குத்திக்கொண்டிருந்தான். "அவன் தன்ரை பேரை எழுதிப் போடேல்லை அத்தான். அதுதான் வித்தியாசம்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுட்டது. இரவு அவனோடு கதைக்காமலே என் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தேன். குளிர் என்பதால் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அதன் உள்பையில் பனங்கட்டிக் குட்டான் ஒன்று இருந்தது, ஊரிலிருந்து வருகிற, பனைவெல்லம் அடைத்த சின்ன ஓலைக் கூடு. வெறுந்தேத்தண்ணி குடிக்கும்போது கடித்துக்கொள்ள எப்போதும் வைத்திருப்பேன். படுக்கும்போது பையில் அது விலாவில் குத்தியது, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எப்போது என்று தெரியாது, யாரோ கூப்பிடுகிற சத்தத்தில் விழித்தேன். "அத்தான்... அத்தான்..." யூஜினின் குரல்தான். ஒன்றுக்குப் போக எழும்பியிருப்பான், இருட்டில் வழி மாறிக் கற்களின் பக்கம் போய்விட்டான் என்று விளங்கியது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெள்ளைப் பனிப்புகார் முழங்காலளவுக்கு நின்றது. நான் நடந்தேன். பயம் ஒன்றும் இருக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், இவனை நாளைக்கு எல்லாருக்கும் முன்னால் எப்படி நக்கலடிக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

படலையில் கை வைத்தேன். "கால் முறிஞ்சு போச்சுப் போல கிடக்கு அத்தான், எழும்ப ஏலாது," என்று அவன் உள்ளேயிருந்து முனகினான். நான் பதில் சொல்ல வாயெடுக்க முந்தி, கற்களுக்குள் ஒரு செருமல் கேட்டது. குளிர் அறையில் வேலை செய்த காலத்திலிருந்து எனக்குப் பேச முன் ஒரு செருமல் வரும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் செருமல். அதற்குப் பிறகு என் குரல்.

"இருடா யூஜின், அசையாதை. நான் வந்திட்டன்."

நம்புகிறவர்கள் நம்புங்கள். நான் கையை என் வாயில் வைத்துப் பார்த்தேன். வாய் மூடித்தான் இருந்தது.

உள்ளே யூஜின், "வந்திட்டியளா அத்தான்," என்று சொல்லி அழத் தொடங்கினான். என் குரல் அவனோடு கதைத்தது, பதமாக, நான் யாரோடும் அப்படிக் கதைத்ததில்லை, பெற்ற பிள்ளைகளோடுகூட. டோர்ச்சை அங்கே அடித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அணைத்தேன். அணைத்துவிட்டு ஓடினேன், இந்த வயதில், இந்த உடம்போடு, விழுந்தெழும்பி ஓடிக் கூடாரத்துக்குள் புகுந்து சிப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

பக்கத்துக் கூடாரத்தில் மெலனி படுத்திருந்தாள். கையை நீட்டித் தட்டினால் போதும். தட்டவில்லை. எழுப்பினால் என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும், நான் ஓடிவந்தேன் என்று சொல்ல வேண்டும், மாலையில் கல்லின் மேல் ஏறியிருந்து கதைத்த மனிதன் நான். அவனோடுதான் யாரோ நிற்கிறார்களே, பிறகென்ன என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லிக்கொண்டே விடியும் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். பொத்தினாலும் அந்தச் செருமல் இடைக்கிடை கேட்டது.

விடிந்ததும் மெலனிதான் தகப்பனைக் காணவில்லை என்று தேடிப் போய்க் கண்டாள். அவள் கத்திய சத்தத்துக்கு எல்லாரோடும் சேர்ந்து நானும் ஓடினேன், அப்போதுதான் எழும்பியவன் மாதிரி. சாய்ந்து நின்ற கல்லொன்றின் கீழே யூஜின் இருந்தான். கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது. புல்லெல்லாம் பனியில் நனைந்து கிடக்க, அவனுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் இருந்த அளவுக்குக் காய்ந்திருந்தது. அவன் கையில் ஒரு வெறும் ஓலைக் குட்டான்.

என் ஜாக்கெட் பையைத் தடவினேன். சிப் பூட்டியபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மெலனி அவன் விரலில் குத்திச் சுகர் பார்த்தாள். தகப்பன் முனகிச் சொன்னதையும் கேட்டுவிட்டு எழும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "இரவு சுகர் இறங்கியிருக்கு மாமா. நீங்கள் அந்தப் பனங்கட்டியைக் குடுக்காட்டி அப்பா இல்லை."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும், பிள்ளை அது நான் இல்லை என்று. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் யூஜின் என் கையை இழுத்து எல்லாருக்கும் முன்னால் கொஞ்சினான். "விடியுமட்டும் என்ரை தலையை மடியிலை வைச்சிருந்தவர்," என்றான். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வாழ்நாள் முழுக்க நான் செய்ததைச் சொல்லிச் சொல்லியே வந்தவன். செய்யாத ஒன்றுக்குப் புகழ் வந்தபோது ஒரு சொல் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். கோவில் மண்டபத்தில் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள், குனிந்து நின்றேன். கோவில் ஆண்டு மலரில் 'உயிர் காத்த உத்தமர்' என்று முழுப்பக்கம் போட்டார்கள், என் படத்தோடு. என் மனைவி பிலோமினா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டியிருக்கிறாள். நான் இப்போது பின்கதவால் வீட்டுக்குள் போய் வருகிறேன்.

இவ்வளவையும் தாங்கலாம். தாங்க முடியாதது வேறு. யூஜின் என்னை நக்கலடிப்பதை விட்டுவிட்டான். அவன் கால் தேறிய பிறகு வால்தம்ஸ்டோவுக்குப் பார்க்கப் போனேன். கெபியைப் பற்றி, என்னை அறியாமலே, பழையபடி ஏதோ அளந்துவிட்டேன். அவன் வாலொன்றும் கட்டவில்லை. என் முழங்காலில் கையை வைத்தான், சுகமில்லாத பிள்ளையைத் தடவுகிற மாதிரி.

"அண்டைக்கு அந்தக் கல்லுக்குள்ளை இருந்து எனக்குச் சொன்னனீங்கள்தானே அத்தான். அதை நான் அக்காவுக்கும் சொல்ல மாட்டன். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

"நான் என்னடா சொன்னனான்?"

"வேண்டாம், திரும்பச் சொல்லாதேங்கோ. நீங்கள் அழுவியள் எண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது," என்று சொல்லிவிட்டு அவனே கண்ணைத் துடைத்தான்.

நான் தலையாட்டிவிட்டு எழும்பி வந்தேன். வேறு என்ன செய்ய? என்ன சொன்னேன் என்று நெருக்கிக் கேட்டால், அங்கே இருந்தது நானில்லை என்றாகிவிடும். மனுசனாய்ப் பிறந்தவனுக்கு யாரிடமும் சொல்லாத சிலது இருக்கும், எனக்கும் இருக்கிறது. படுத்தால் நித்திரை வராமல் அவற்றை எடுத்துப் பார்க்கிறேன். இதைச் சொல்லியிருக்குமோ, அதைச் சொல்லியிருக்குமோ. அந்தக் கற்களுக்குள் இருந்தது எதுவோ, அதற்கு என் குரல் தெரிந்திருந்தது, என் செருமல் தெரிந்திருந்தது, நான் பிலோமினாவுக்கும் சொல்லாததும் தெரிந்திருந்தது. அது அழுததாம். எனக்காக அழுததாம். இப்போதும் ஆட்கள் நடுவில் பேச எழும்பும்போது தொண்டையில் செருமல் வந்தால், அது என்னுடையதுதானா என்று ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

அடுப்புக்கு எடுத்த கற்களை அன்றைக்கே திருப்பி வைத்துவிட்டோம், கல்லை எடுத்ததால்தான் இது நடந்தது என்று யாரும் காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். எனக்குக் காரணம் தெரியாது. யூஜின், இதைப் படிப்பாய். படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் நக்கலடி, காத்திருக்கிறேன்.

மலர்க் குழுவில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. பொன்னாடையை மடித்துக் கெபியடியில் வைத்திருக்கிறேன், அது என்னுடையது இல்லை. வருகிற மலரில் திருத்திப் போடுங்கள். என் மச்சானோடு விடியுமட்டும் இருந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது, அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். ஆனால் என் பங்கை யாரும் மறைக்கக் கூடாது. மலையில் வழி காட்டியது சூசைப்பிள்ளை. கூழ் காய்ச்சியது சூசைப்பிள்ளை. மச்சான் கூப்பிட்டபோது படலையில் கை வைத்துவிட்டுத் திரும்பி ஓடியதும் சூசைப்பிள்ளைதான். அதையும் என் பெயரிலேயே போடுங்கள், மற்ற இரண்டுக்கும் போடுகிற அதே பெரிய எழுத்தில்.