அம்மாவுக்குச் சொன்ன பிரெஞ்சுப் படம்

கல்கத்தாவில், ஆதிகங்கைக் கால்வாயின் சேற்று நாற்றம் மூக்கில் ஏறியபோது, காளிகாட்டிலிருந்து கிடர்பூர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த நான், பார்க்காத ஒரு படத்துக்குக் கதை கட்டத் தொடங்கியிருந்தேன். எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

தொண்ணூறுகளின் அந்த மழைக்காலத்தில், காளிகாட்டில் ஒரு திரைப்படச் சங்கம் ஞாயிறுதோறும் ஒரே பிரெஞ்சு நடிகையின் படங்களைப் போட்டது. துறைமுகக் குமாஸ்தாவான அப்பாவின் உறுப்பினர் அட்டையில், மனைவி என்ற முறையில் அம்மாதான் போவாள். தணிக்கையாகாத படங்கள், பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை. நான் வாசலில் நிற்பேன். படப்பெட்டிகள் வந்து சேர்ந்த வரிசையில் போட்டதால் நடிகையின் வாழ்க்கை பின்னாலிருந்து ஓடியது: முதலில் இரண்டு காட்சிக்கு வந்துபோகும் கிழவி, பிறகு யாருக்கோ தாய், பிறகு புருஷன் விட்டுப்போனவள், பிறகு கதாநாயகி. திரையின் அடியில் ஓடும் ஆங்கிலம் அம்மாவுக்குப் படிக்க வராது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, காய் நறுக்கியபடி எனக்கு நடித்துக் காட்டுவாள். "இவளுக்குக் கண்ணே போதும்டா, வாய் தண்டம்" என்பாள்.

ஐந்தாவது, அந்த நடிகை பத்தொன்பது வயதில் நடித்த முதல் படம். அதற்குள் அம்மா சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டாள். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. சின்ன வயசுல எப்படி இருந்தான்னு தெரியாம நான் போயிடக் கூடாது" என்று அட்டையைக் கொடுத்தாள்.

வாசல்காரர் அட்டையிலிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு வங்காளியில் சொன்னார்: "இந்த மீசை உனக்கும் முளைக்கட்டும், அப்புறம் வா, கோகா, சின்னப் பையா."

வழியில் கட்டிய கதையை வீட்டில் அம்மாவுக்குச் சொன்னேன். ரயில் நிலையம், மழை, அவள் ஓடிவருவது.

"எப்படி ஓடினா?"

ஓடிக்காட்டினேன்.

"அவ அப்படி ஓட மாட்டாடா. கிழவியானப்பகூடத் தோளை அசைக்காமதான் நடந்தா." என் முகத்தைப் பார்த்து, "உள்ள விடலையா?" என்றாள்.

அட்டையை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தேன்.

"பரவால்ல. மிச்சத்தையும் சொல்லு."

சொன்னேன். அந்த மாதமே போய்விட்டாள். பிறகு பல ஊர்களில் பல வேலைகள் பார்த்தேன். அந்த அரங்கில் இப்போது செருப்புக் கடை; தகரப் பெட்டியில் படம் வருவதும் நின்றுவிட்டது. கைபேசியில் எல்லாம் கிடைக்கிறது என்கிறார்கள். நான் தேடவில்லை.

கதை சொன்னதற்கு மறுநாள் காலை, ஒரு தடவையாவது பார்க்க முடியுமா என்று சங்கத்தில் போய்க் கேட்டேன். படம் திரும்பிப் போகிறது, ஹவுரா ரயிலடிக்குத் தூக்கிப்போக ஆள்தான் இல்லை என்றார்கள். அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தின் சுருள்கள் இருந்த ஐந்து தகரப் பெட்டிகளையும் தலையில் ஏற்றி, தோளை அசைக்காமல் ரயிலடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.