போனுக்கு ஏது வால்?

மண்ணூர்பேட்டையில் எங்கள் பட்டறை இருக்கும் சந்துக்கு முதன்முதலில் கரண்ட் கம்பம் கொண்டுவந்தது நான். வாடகைக்கு எடுத்த ஒரு பழைய லேத்தில் ஆரம்பித்தேன். இன்றைக்கு ஷெட்டு, பிரஸ் மெஷின், லோடு வண்டி, மாடி எழுப்பிய வீடு என்று நிற்பதெல்லாம் என் ஒருத்தன் உழைப்பு. ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காதவன் நான். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்ட அதே பேங்கில், பிற்பாடு எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மூன்று பெண்களையும் பட்டம் வாங்கவைத்தேன். மழைக்குச் சந்தில் தண்ணீர் நின்றபோது மண்ணடித்து மேடாக்கியது யார் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். இவ்வளவும் செய்தவனுக்கு, ஒரு டிராபிக் கேஸ் எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

சென்ற வருஷம் மழை தொடங்கிய சமயம். எங்கள் வண்டி ஓட்டுகிற டிரைவர் ஒருநாள் காலையில் கன்னம் பந்து மாதிரி வீங்கி வந்து நின்றான். திருமழிசையில் ஒரு கம்பெனிக்கு அன்றைக்கே சரக்கு போயாக வேண்டும்.

"மொதலாளி, பல்லு உயிர் போவுது" என்றான்.

"இன்னாடா, ஒரு பல்லுக்கா இப்படி அழுவுற?" என்று சொல்லிவிட்டு, டீ போடும் அடுப்பில் கல் உப்பை நானே வறுத்தேன். மெஷின் துடைக்க வாங்கி வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டில் சிவப்பாக ஒரு துண்டைக் கிழித்து, உப்பைச் சூடாக முடிந்து அவன் கையில் கொடுத்தேன். "கன்னத்துல ஒத்தடம் வெச்சிக்கினே போ. எறக்கிட்டு வா, டாக்டராண்ட போவலாம்."

வேலப்பன்சாவடியில் போலீஸ் மடக்கிவிட்டது. போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டினான் என்று கேஸ். தூரத்தில் வரும்போதே படம் எடுத்துவிட்டார்கள். இந்த ஆள் போலீஸைப் பார்த்த பயத்தில் முடிச்சைக் காலடியில் போட்டுவிட்டான். போனை எங்கே ஒளித்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்க முடியவில்லை. குழறலைக் கேட்டு, ஊது என்று மெஷினையும் நீட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் சலான் போட்டு, லைசென்ஸ் நம்பரையும் குறித்துக்கொண்டார்கள். சாயங்காலம் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்துதான் நடந்ததைச் சொன்னான்.

பைன்தானே, கட்டிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து அவனுக்கு நோட்டீஸ் வந்தது. மூன்று மாதத்துக்கு லைசென்ஸை நிறுத்திவைக்கப் போகிறோம், ஏன் நிறுத்தக் கூடாது என்று விளக்கம் கொடு என்று எழுதியிருந்தார்கள்.

அவன் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "வேற ஆளப் போட்டுக்கோங்க மொதலாளி. ஊட்ல குந்திக்கினு இன்னா பண்றதுன்னுதான் தெரில. எனுக்கு இந்த ஸ்டீரிங்க வுட்டா வேற இன்னா தெரியும்?"

"சாவிய எடுடா. நான் கீறேன்ல" என்றேன்.

நான் இருக்கிறேன் என்று சொன்னால், ஆளைப் பிடிப்பேன் என்று அர்த்தம். பட்டா, லைசென்ஸ், தண்ணீர்க் குழாய், எல்லாமே எனக்கு ஆளைப் பிடித்துத்தான் நடந்திருக்கிறது. கட்சிக்காரர் ஒருவரைப் பார்த்தேன். "உன் வேல என் வேல நைனா, பாத்துக்கலாம்" என்றார். ரிட்டயர்டு ஏட்டு ஒருவரைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கலாம் என்றார். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கூடப் பார்த்துக்கலாம் என்றுதான் சொன்னார். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒன்றும் நகரவில்லை. கடைசியில் நானே கிளம்பினேன். போலீஸ் ஸ்டேஷனில், சலான் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். அம்பத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கிட்டே இருக்கும் கோர்ட்டுக்கு டிரைவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஆள் உண்டு. அன்றைக்குப் பார்த்து அவர் லீவு.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பெண், முப்பது வயது இருக்கும். பேச்சில் திருநெல்வேலி வாடை அடித்தது. அவளும் ஏதோ சலானுக்காகத்தான் வந்திருந்தாள். ஒரு மணி நேரமாக நான் போனில் ஆள் ஆளாகக் கூப்பிட்டு, பல்வலி, உப்பு ஒத்தடம், போன் கேஸ் என்று முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. கேஸ் எந்தக் கோர்ட்ல இருக்குன்னு பாத்தாச்சா?"

"இந்தக் கோர்ட்டுதாம்மா. எங்க பட்டறை இங்கதான கீது?"

"பட்டறை எங்க இருந்தா என்னய்யா? வண்டிய மறிச்ச இடம் எதுவோ, அந்த எல்லைக் கோர்ட்டுக்குல்லா போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வண்டி நம்பரைச் சொன்னேன். அது வேண்டாம், சலான் நம்பரைச் சொல்லுங்கள் என்றாள். கோர்ட்டு விவரம் எல்லாம் போனிலேயே பார்க்கலாமாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பிடித்த ஆட்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. அவள் தட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் பூந்தமல்லி எல்லையில் இருப்பதாகச் சொன்னாள். கேஸ் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கேஸை மறுநாள் காலையில் எடுக்கிறார்கள் என்பதும் போனில் இருந்தது.

"நாளைக்கா? சரி, பைன அதிலயே கட்டிடும்மா, ரோதனை வுட்டுச்சு" என்றேன்.

"ஐயையோ, கட்டிராதீங்க. கட்டிட்டா போன் பேசுனது நெசம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பொறவு ஆர்.டி.ஓ.ட்ட என்ன சொல்லுவீங்க? இவர் பேசவே இல்லன்னா நேர்ல போய்ச் சொல்லுங்க."

போலீஸ் எடுத்த படமும் சலானோடு இருந்தது. அதைத் திறந்து விரலால் பெரிதாக்கினாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள். டிரைவர் கைக்குக் கீழே சிவப்பாக ஒரு துணி முனை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்யா, போனுக்கு ஏது வால்?"

என் பனியன் வேஸ்ட்! யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அப்போதும் கேட்டேன். "ஆள எதுக்கு? இந்தப் படத்தையும் பல் டாக்டர் சீட்டையும் கொண்டு போங்க" என்றாள். அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், எழுந்து உள்ளே போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் பூந்தமல்லிக்குப் போனோம். அன்றைக்குக் காலடியில் போட்ட முடிச்சை டிரைவர் வண்டி டேஷ்போர்டில் எடுத்து வைத்திருந்தான். ஜெராக்ஸ் கடையில் சலான் நம்பரைக் கொடுத்து, படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டேன். நீதிபதி ஒரு அம்மா. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டதும் டிரைவர் இல்லை என்று தலையாட்டினான். அன்றைக்கு வாய் நன்றாகத்தான் இருந்தது, பயத்தில் பேச்சு வரவில்லை. நான் முன்னால் போனேன்.

"நீங்க யாரு?"

"அந்த உப்ப வறுத்தது நான்தாங்கம்மா" என்றேன். கோர்ட்டே சிரித்தது. விடாமல், நான் யார், லேத்தில் எப்படி ஆரம்பித்தேன், கரண்ட் கம்பம் எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினேன்.

"பெரியவரே, கம்பமெல்லாம் இருக்கட்டும். உப்பக் காட்டுங்க."

முடிச்சைக் கொடுத்தேன். டிரைவரை அதேபோல் கன்னத்தில் வைத்துக்காட்டச் சொன்னார். படத்தையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பல் பிடுங்கிய சீட்டில் அதே தேதி. எதிர்ப்பக்கம் இருந்த போலீஸ்காரரிடமும் படத்தைக் காட்டினார். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, துணி மாதிரிதான் தெரியுது மேடம் என்றார். நல்ல மனுஷன். போன் பேசியதாக நிரூபணமாகவில்லை என்று கேஸை முடித்துவிட்டார் அந்த அம்மா. ஆனால் எங்களைப் போகவிடவில்லை.

"ஒரு கையால ஸ்டீரிங்கப் பிடிச்சிட்டு ஹைவேல வந்திருக்காரு. இவ்வளவு வலியில இருக்கிறவர லோடு ஏத்தி அனுப்புனது யாரு?"

வாழ்நாள் முழுக்க, இதைச் செய்தது யார், அதைச் செய்தது யார் என்று கேட்டால் மார்தட்டி 'நான்தான்' என்று சொல்லிப் பழகியவன். அன்றைக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். குரல்தான் எனக்கே கேட்கவில்லை.

உத்தரவு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நோட்டீஸைக் கைவிட்டார்கள். டிரைவர் இன்றைக்கும் எங்கள் வண்டியைத்தான் ஓட்டுகிறான். இப்போது யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சரக்கு மறுநாள்தான் போகும். கம்பெனிக்காரர் போனில் கத்துவார், நான் கேட்டுக்கொள்வேன்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. டீக்கடையில் யாராவது சலான் என்று வாயெடுத்தால் போதும், டிரைவர் ஆரம்பித்துவிடுவான். "அந்த திருநெல்வேலி அக்காதான்பா என் லைசென்ஸ காப்பாத்துச்சு. போனுக்கு ஏது வாலுன்னு கேட்டுச்சு பாரு!" என்பான். அதோடு கதை முடிந்துவிடும். நான் பக்கத்திலேயே டம்ளரோடு நின்றுகொண்டிருப்பேன்.

அந்தப் பெண் இல்லாவிட்டால் நாங்கள் வேறு கோர்ட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டே லைசென்ஸைப் பறிகொடுத்திருப்போம். அதை நான் மறுக்கவே இல்லை. அவள் இதைப் படித்தால் எங்கள் சந்துக்கு ஒருமுறை வர வேண்டும், கம்பத்தைக் காட்டுகிறேன். ஆனாலும் அந்த உப்பை வறுத்தவன் நான், அந்த வால் என் பட்டறைத் துணி, கோர்ட்டில் வாய் திறந்தவனும் நான்தான். அவளை முதலில் சொல்லட்டும், அடுத்தபடியாக என்னையும் சொல்லியே ஆக வேண்டும். எதிலும் முதல் ஆளாகவே நின்று பழகிய நான், இரண்டாவது இடத்தைக் கேட்டு வாங்க நினைப்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.